ஆன்லைன் ஆட்டத்தில் ஜெயித்த பணம்: வருமான வரிக் கணக்கில் காட்டுவது எப்படி?

காசு கட்டி ஆடும் ரம்மி, போக்கர், ஃபேன்டசி கிரிக்கெட் எல்லாவற்றையும் இந்தியா முழுக்கத் தடை செய்யும் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடியவருக்குத் தண்டனை கிடையாது. ஆனால் வரி போகவில்லை. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஆடியவர்களும், ஆப் மூடியபோது வாலட்டில் கிடந்ததை வங்கிக்கு மாற்றிக்கொண்டவர்களும் 2025-26 நிதியாண்டு ரிட்டர்னில் இதைப் பார்த்தே ஆக வேண்டும். தடைக்குப் பிறகு வெளிநாட்டு ஆப்பில் ஆடி ஜெயித்திருந்தாலும் இதே வரிதான். பணம் நேர்வழியில் வந்ததா என்று வருமான வரிச் சட்டம் கேட்பதில்லை.

பிரிவு 115பிபிஜே-யின்படி நிகர வெற்றித் தொகைக்கு 30% வரி. அடிப்படை விலக்கு வரம்பு இதற்குப் பொருந்தாது. 80சி (சேமிப்பு, காப்பீடு போன்றவற்றுக்கான வரிக் கழிவு) போன்ற கழிவுகளும் கிடையாது. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்கிறார்களே, அந்தத் தள்ளுபடியும் இந்தத் தொகையைத் தொடாது. வேறு வருமானமே இல்லாத கல்லூரி மாணவர் 10,000 ரூபாய் ஜெயித்தாலும் வரி உண்டு. ‘வருமானம்தான் வரம்புக்குள் இருக்கிறதே, பிடித்த டிடிஎஸ் (பணம் தரும்போதே நிறுவனம் பிடித்துக்கொள்ளும் வரி) திரும்ப வரும்’ என்று ரிட்டர்ன் போடுபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

நிகர வெற்றி என்றால் என்ன என்பதில்தான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். வங்கிக்கு வந்த மொத்தப் பணம் அல்ல அது. ஜெயித்த ஆட்டங்களின் கூட்டுத்தொகையும் அல்ல. வருமான வரி விதி 133 சொல்வது இதுதான்: அந்த நிதியாண்டில் எடுத்த மொத்தப் பணத்தோடு மார்ச் 31 அன்று வாலட்டில் இருந்த இருப்பைக் கூட்டுங்கள். அதிலிருந்து, நீங்கள் கைக்காசாகப் போட்ட தொகையையும் ஏப்ரல் 1 அன்று இருந்த தொடக்க இருப்பையும் கழியுங்கள். மிஞ்சுவதுதான் வருமானம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தொடக்க இருப்பு 2,000. மே மாதம் 10,000 போட்டு, 8,000 எடுக்கிறீர்கள். எடுத்தது 8,000, கழிக்க வேண்டியது 12,000. எனவே பிடித்தம் இல்லை. ஜூலையில் இன்னொரு 5,000 போட்டு, 20,000 எடுக்கிறீர்கள். இப்போது எடுத்தது மொத்தம் 28,000, கழிப்பது 17,000. மிச்சம் 11,000-க்கு 30% வீதம் 3,300 ரூபாய் டிடிஎஸ். மார்ச் 31-ல் வாலட்டில் 1,500 கிடந்தால், எடுக்காவிட்டாலும் அதற்கும் 450 ரூபாய் பிடிப்பார்கள். ஆக, ஆண்டு வெற்றி 12,500, டிடிஎஸ் 3,750.

ஆள் சேர்த்துவிட்டதற்காக வந்த ரெஃபரல் போனஸ் நீங்கள் போட்ட காசு ஆகாது. அதைக் கழிக்க முடியாது. ஆட மட்டுமே பயன்படும், எடுக்க முடியாத போனஸ் காயின் இந்தக் கணக்குக்குள்ளேயே வராது. ஒரே நிறுவனத்தில் இரண்டு கணக்கு வைத்திருந்தால் சேர்த்துப் பார்ப்பார்கள். வேறு நிறுவனத்தில் தோற்றதை இங்கே கழிக்க வழியில்லை.

இதைவிடக் கசப்பான ஒன்று: நஷ்டம் மார்ச் 31-ஐத் தாண்டாது. பிப்ரவரியில் 50,000 போட்டு, 45,000 தோற்று, 5,000 மிச்சம் இருக்கிறது. ஏப்ரலில் அதை வைத்து ஆடி 30,000 எடுத்தால், 25,000 வருமானமாகிவிடும். மொத்தத்தில் கையைச் சுட்டுக்கொண்டவரும் 7,500 டிடிஎஸ் கட்டுவது இப்படித்தான்.

இனி ரிட்டர்ன். நான்காம் காலாண்டுக்கான படிவம் 16ஏ (டிடிஎஸ் பிடித்ததற்கு நிறுவனம் தரும் சான்றிதழ்) ஜூன் 15 வாக்கில்தான் வரும். அதற்கு முன்னால் அவசரப்பட வேண்டாம். வருமான வரித் துறையின் தளத்தில் உங்கள் வருமானத்தையும் பிடித்த வரியையும் காட்டும் 26ஏஎஸ், ஏஐஎஸ் அறிக்கைகளை இறக்கி, ஆன்லைன் ஆட்ட டிடிஎஸ்ஸுக்கான 194பிஏ என்ற பிரிவில் இருக்கும் தொகை உங்கள் கணக்கோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். ஆப் மூடியிருந்தாலும் முடிந்தால் பரிவர்த்தனை விவரத்தை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளக்காரர் வழக்கமாகப் போடும் ஐடிஆர் 1 என்ற ரிட்டர்ன் படிவம் இதற்கு ஆகாது. ஐடிஆர் 2 வேண்டும். தொழில் வருமானமும் இருந்தால் ஐடிஆர் 3. படிவத்தில் பிற வருமானங்களுக்கான பகுதியான ஷெட்யூல் ஓஎஸ்-ல் 115பிபிஜே-க்கென்று தனி இடம் இருக்கிறது. மேலே போட்ட கணக்கின்படி அங்கே 12,500 எழுத வேண்டும், டிடிஎஸ் போக வந்த தொகையை அல்ல. அதே ஷெட்யூலின் கடைசியில் எந்தக் காலகட்டத்தில் எவ்வளவு என்று பிரித்துக் கேட்கும், அதை விட்டுவிடாதீர்கள். ‘பிற வருமானம்’ என்று பொதுவாகப் போட்டால் சாதாரண விகிதத்தில் வரி கணக்காகி, பின்னால் நோட்டீஸ் வரும்.

எல்லாம் சரியாகப் போட்ட பிறகும் சின்னதாக ஒரு பாக்கி காட்டும். தவறு அல்ல. டிடிஎஸ் பிடிப்பது 30% மட்டுமே. அந்த வரியின் மேல் 4% செஸ் (கூடுதல் வரி) சேர்ந்தால் மொத்தம் 31.2%. நம் கணக்கில் 3,900 கட்ட வேண்டும், பிடித்தது 3,750, பாக்கி 150. வருமான வரி போர்ட்டலின் இ-பே டாக்ஸ் பகுதியில் சுயமதிப்பீட்டு வரி, குறியீடு 300, மதிப்பீட்டு ஆண்டு (நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) 2026-27 என்று தேர்ந்து கட்டுங்கள். ஆண்டை மாற்றிப் போட்டுவிட்டால் பணம் போய்ச் சேர்ந்தும் பாக்கி அப்படியே நிற்கும். வெளிநாட்டு ஆப்பாக இருந்து டிடிஎஸ்ஸே பிடிக்கவில்லை என்றால் முழு 31.2%-ம் நீங்களே கட்ட வேண்டும். ஆண்டின் மொத்தப் பாக்கி 10,000 ரூபாயைத் தொட்டால் முன்கூட்டிய வரி கட்டாததற்கு வட்டியும் சேரும்.

ரிட்டர்னை அனுப்பி 30 நாளுக்குள் சரிபார்ப்பை முடித்துவிடுங்கள். 2024-25 நிதியாண்டுக்கு இந்த வருமானத்தைக் காட்டாமல் விட்டவர்களுக்கு ஐடிஆர்-யு (பின்னால் திருத்திப் போடும் ரிட்டர்ன்) உண்டு: 2027 மார்ச் 31-க்குள் போட்டால் வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில் 25% கூடுதலாகக் கட்ட வேண்டும், அதன் பிறகு 50% ஆகிவிடும். இந்த வழியில் ரீஃபண்ட் மட்டும் கேட்க முடியாது.