பழைய நாணயப் பெட்டி மீண்டும் கைக்கு வந்தால்: எங்கிருந்து தொடங்குவது, என்ன முடிவெடுப்பது

பல ஆண்டுகள் மூடிக் கிடந்த நாணயப் பெட்டியைத் திறந்ததும் பெரும்பாலானோர் இரண்டு வேலை செய்கிறார்கள். ஒன்று, காசைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது. இன்னொன்று, இணையத்தில் விலை தேடுவது. முதலாவது மதிப்பைக் கெடுத்துவிடும். இரண்டாவது பெரும்பாலும் பொய்யான மதிப்பைக் காட்டும்.

சாதாரணச் சேகரிப்பு ஒன்றில் மதிப்பின் பெரும்பகுதி ஒரு சில காசுகளிலேயே அடங்கியிருக்கும். அந்தச் சிலவற்றை அடையாளம் காணும்வரை எதையும் விற்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள், கழுவாதீர்கள். கீழே உள்ள வரிசை அதற்காகவே அமைந்தது. சிறிய பெட்டியென்றால் ஓரிரு வார இறுதிகள் போதும்.

தேவையானவை

0.01 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு, விட்டம் அளக்கும் காலிப்பர் (பிளாஸ்டிக் என்றால் காசில் கீறல் விழாது), பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸ், ஒரு காந்தம், சாய்த்து வைக்கக்கூடிய மேசை விளக்கு, மேசைமேல் விரிக்க மடித்த துண்டு. பவுடர் பூசாத நைட்ரைல் கையுறை நல்லது. பருத்திக் கையுறையில் பிடி வழுக்கும். அதைவிட நன்றாகக் கழுவி உலர்த்திய வெறுங்கை மேல். எப்படியானாலும் காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். முகத்தில் பதியும் விரல்ரேகை செம்பில் சில மாதங்களில் நிரந்தரக் கறையாகிவிடும். காசுக்கு மேலே குனிந்து பேசுவதும் அதே விளைவைத் தரலாம், எச்சில் துளியும் கறைதான்.

படி 1: கலைப்பதற்கு முன் படம் எடுங்கள்

பெட்டி இருந்தபடியே படம் எடுங்கள். அடுக்கின் வரிசை, உறைகளின் மேல் இருக்கும் கையெழுத்து, பழைய ரசீது, துண்டுச்சீட்டு எதையும் தூக்கி எறிய வேண்டாம். உறையில் எழுதிய வாங்கிய தேதியும் விலையும் பின்னால் மூன்று இடங்களில் உதவும்: காசு எங்கிருந்து வந்தது என்று காட்ட, வரிக் கணக்குக்கு, காப்பீட்டுக்கு. உறையிலிருந்து காசை எடுத்தால் இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுங்கள். சேகரித்தவர் நாடுவாரியாகவோ ஆண்டுவாரியாகவோ அடுக்கியிருந்தால் அந்த வரிசையே ஒரு குறிப்பு. விட்டுப்போன ஆண்டுகளைப் பார்த்தாலே எது கிடைக்க அரிதாக இருந்தது என்று ஊகிக்கலாம்.

படி 2: ஆபத்தில் இருப்பவற்றை முதலில் பிரியுங்கள்

பழைய ஆல்பங்களில் மென்மையான, வாசனையடிக்கும் பிளாஸ்டிக் பக்கங்கள் இருக்கும். அது பெரும்பாலும் பிவிசி. அதை மிருதுவாக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் காலப்போக்கில் கசியும்; பிவிசி சிதையும்போது அமிலமும் வெளிவரும். காசின்மேல் பசைபோலப் பிசுபிசுக்கும் பச்சைப் படலம் தெரிந்தால் அதுதான் காரணம். விட்டுவைத்தால் உலோகத்தையே அரிக்கும். அப்படிப்பட்ட பக்கங்களிலிருந்து எல்லாக் காசுகளையும் அன்றே வெளியே எடுங்கள்.

ரப்பர் பேண்ட், செய்தித்தாள், சாதாரண அட்டைப் பெட்டி, கம்பளித் துணி ஆகியவற்றிலிருந்து கந்தகச் சேர்மங்கள் வெளியாகி வெள்ளியைக் கருக்கும். ஓக் போன்ற சில மரப்பெட்டிகள் அமில ஆவியை விடும். ஸ்டேப்ளர் ஊசி துருப்பிடித்த அட்டை உறை கிடைத்தால் காசை இழுத்து எடுக்காதீர்கள். ஊசியைக் கத்தரித்து, அட்டையைப் பிரித்து, காசைத் தூக்குங்கள். உறைக்குள்ளிருந்து உருவும்போது ஊசி முனை கீறிப் பாழான நல்ல காசுகள் ஏராளம்.

செம்பு, வெண்கலக் காசுகளில் பச்சை நிறம் இரண்டு வகை. கெட்டியாக, வழவழப்பாக, கரும்பச்சையாக ஒட்டியிருப்பது பழமையின் படலம். அது காசைக் காப்பாற்றுகிறது, அப்படியே விடுங்கள். வெளிர்பச்சையாக, பொடியாக, தொட்டால் உதிர்வது வேறு. அது குளோரைடும் ஈரமும் சேர்ந்து உள்ளிருந்து அரிக்கும் வெண்கல நோய். அந்தக் காசைத் தனி டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வைத்து, மதிப்புள்ளதாகத் தெரிந்தால் பாதுகாப்புப் பணி தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

கழுவலாமா?

கூடாது. புளி, எலுமிச்சை, பற்பசை, சமையல் சோடா, வெள்ளி பாலிஷ், அலுமினியத் தாள் வைத்தியம் எதுவும் வேண்டாம். அச்சடிக்கும்போது உலோகம் பரவி உண்டாகும் நுண்ணிய கோடுகள்தான் புதுக்காசின் உயிர்ப்பான ஒளிக்குக் காரணம். பாலிஷ் அந்தக் கோடுகளைச் சீவிவிடும். அதன்பின் காசு மின்னும், ஆனால் விளக்கைச் சாய்த்தால் ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் தெரியும். அனுபவமுள்ளவர் அதை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். வெள்ளியின் கருமை வெறும் சில்வர் சல்ஃபைடு. சீராகப் படிந்த கருமையைச் சேகரிப்பவர்கள் விரும்பியே வாங்குகிறார்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு: பிவிசிப் பசை. அதற்குத் தூய அசிட்டோன் வேண்டும். நகப்பூச்சு நீக்கியில் நிறமும் எண்ணெயும் கலந்திருக்கும், அது உதவாது. சன்னலைத் திறந்து, அருகில் நெருப்பே இல்லாத இடத்தில், கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிக் காசை 10 நிமிடம் ஊற விடுங்கள். திரவத்தை மாற்றி இன்னும் இரண்டு முறை செய்யுங்கள். ஒரே திரவத்தில் முடித்தால் கரைந்த பசை உலரும்போது மறுபடி காசிலேயே படியும். பஞ்சால் தேய்க்க வேண்டாம். மென்துணியில் வைத்துத் தானாக உலர விடுங்கள். பிளாஸ்டிக் கிண்ணம் கரைந்துபோகலாம் என்பதால் அதைத் தவிருங்கள். பசை போனபின் அடியில் குழி தெரிந்தால், உலோகம் ஏற்கெனவே அரிக்கப்பட்டுவிட்டது என்று பொருள். அதைத் திருத்த வழியில்லை.

படி 3: ஒவ்வொன்றும் என்ன காசு?

நாடு, மதிப்பு, ஆண்டு, அச்சாலைக் குறி, எடை, விட்டம். இந்த ஆறும் கிடைத்தால் எந்தப் பட்டியலிலும் தேடலாம். உலகக் காசுகளுக்கு நுமிஸ்டா தளம் தொடக்கநிலையில் மிக வசதி. பட்டியல்களில் ஒவ்வொரு காசு வகைக்கும் கொடுத்திருக்கும் கே.எம். எண்ணை (கிராஸ்-மிஷ்லர் பட்டியல் எண்) குறித்துக்கொண்டால் விற்பவரோடும் வாங்குபவரோடும் குழப்பமில்லாமல் பேசலாம்.

ஆண்டில்தான் அதிகம் தடுக்கிவிழுவார்கள். ஹிஜ்ரி ஆண்டை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் பொது ஆண்டு ஏறக்குறைய வரும்: 1327 என்றால் 1909. ஆனால் உதுமானியக் காசுகளில் தெரியும் 1327, சுல்தான் ஐந்தாம் மெஹ்மத் அரியணை ஏறிய ஆண்டு. அச்சிட்ட ஆண்டு வேண்டுமானால் அருகில் தனியாக இருக்கும் ஆட்சியாண்டு எண்ணையும் கூட்டி ஒன்றைக் கழிக்க வேண்டும். ஜப்பானியக் காசில் ஆண்டு பேரரசரின் ஆட்சிக்காலப் பெயரோடு வரும்; ஷோவா ஆண்டோடு 1925ஐக் கூட்டுங்கள், ஹெய்செய் என்றால் 1988. தாய்லாந்தின் புத்த ஆண்டில் 543ஐக் கழியுங்கள்.

காசில் இருக்கும் ஆண்டு எப்போதும் அச்சிட்ட ஆண்டு என்று நம்பவும் கூடாது. 1780 என்று போட்ட மரியா தெரேசா வெள்ளித் தாலர் அதன்பின் இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக அதே ஆண்டோடு அச்சிடப்பட்டது. ஆஸ்திரியாவின் 1915 தேதியிட்ட தங்க டுகாட்டும் 100 கொரோனாவும் அப்படியே. இவற்றுக்குப் பெரும்பாலும் உலோக மதிப்பே மிஞ்சும்.

அச்சாலைக் குறி என்பது ஆண்டின் கீழோ ஓரத்திலோ இருக்கும் சிறு எழுத்து அல்லது வடிவம். அமெரிக்கக் காசில் டி என்பது டென்வர், எஸ் என்பது சான் பிரான்சிஸ்கோ. சுதந்திர இந்தியாவின் காசுகளில் வைரம் மும்பை, நட்சத்திரம் ஐதராபாத், புள்ளி நொய்டா, குறியே இல்லாவிட்டால் கொல்கத்தா. ஒரே ஆண்டு, ஒரே மதிப்பு, குறி மட்டும் வேறு என்ற நிலையில் ஒன்று சாதாரணமாகவும் மற்றொன்று அரிதாகவும் இருக்கலாம். லென்ஸ் வாங்கச் சொன்னதே இதற்காகத்தான்.

படி 4: உலோகத்தைச் சோதியுங்கள்

ஆண்டே பாதி விடை சொல்லிவிடும். பிரிட்டனின் வெள்ளிக் காசுகள் 1919 வரை 92.5 சதவீத வெள்ளி, 1920 முதல் 1946 வரை 50 சதவீதம், பிறகு குப்ரோ நிக்கல் (செம்பு, நிக்கல் கலவை). அமெரிக்க டைம் (10 சென்ட்), குவார்ட்டர் (25 சென்ட்), அரை டாலர்கள் 1964 வரை 90 சதவீதம். பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு ரூபாய் 11.66 கிராம், 91.7 சதவீதம், 1940 முதல் 1945 வரை 50 சதவீதம்.

தங்கம், வெள்ளி, செம்பு காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் வெள்ளி இல்லை. ஆனால் ஒட்டாததால் மட்டும் வெள்ளி ஆகிவிடாது, ஈயமும் பித்தளையும் ஒட்டாதவைதான். அமெரிக்காவின் 1943 ஒரு சென்ட் எஃகால் ஆனது. அந்த ஆண்டின் செம்பு சென்ட் மிக அரிது என்பதால் எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசி ஏமாற்றுவது பழைய தந்திரம். காந்தம் அதை உடனே காட்டிக்கொடுக்கும்.

சந்தேகம் நீடித்தால் அடர்த்தியை அளந்துவிடுங்கள். முதலில் காசை உலர்ந்த நிலையில் நிறுங்கள். பிறகு தராசில் ஒரு சிறிய டம்ளர் தண்ணீர் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கங்களையும் தொடாமல் முழுதும் மூழ்கும்படி பிடியுங்கள். அப்போது தராசு காட்டும் எண்ணால் உலர் எடையை வகுத்தால் அடர்த்தி. 26.73 கிராம் காசுக்கு 2.59 வந்தால் அடர்த்தி 10.32, அது 90 சதவீத வெள்ளிக்குப் பொருந்தும். குப்ரோ நிக்கல் 8.9 அளவில் நிற்கும், 22 காரட் தங்கம் 17.5க்கு மேல் போகும். காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் அடர்த்தி குறைவாக வரும். விடை விசித்திரமாக இருந்தால் முதலில் குமிழியைப் பாருங்கள். சிறிய காசுகளில் 0.01 கிராம் பிசகே விடையைக் கணிசமாக நகர்த்தும் என்பதால் மூன்று முறை அளப்பது நல்லது.

விளிம்பையும் பாருங்கள். சுற்றிலும் மெல்லிய இணைப்புக் கோடு ஓடினால் வார்ப்பில் செய்த போலியாக இருக்கலாம். எடை ஒரு சதவீதம் குறைந்தால் அது தேய்மானம். ஐந்து சதவீதம் வித்தியாசப்பட்டால் சந்தேகப்படுங்கள்.

படி 5: நிலையும் பட்டியலும்

தரத்துக்கு 1 முதல் 70 வரையிலான ஷெல்டன் அளவுகோல் உலகெங்கும் புழங்குகிறது. 60க்கு மேல் என்றால் புழக்கத்துக்கே போகாத காசு. தொடக்கநிலையாளர் துல்லிய எண் போட முயல வேண்டாம். தலைமுடி, கன்னம், கிரீடம் போன்ற மேடான இடங்களில் தேய்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து, புதியது, லேசாகத் தேய்ந்தது, நன்றாகத் தேய்ந்தது, சேதமடைந்தது என்று நான்காகப் பிரித்தால் போதும். துளையிட்டது, நகையில் பற்றவைத்தது, கழுவியது எல்லாம் நான்காவதில் போகும்.

பட்டியலை ஸ்ப்ரெட்ஷீட்டில் எழுதுங்கள்: வரிசை எண், மேலே சொன்ன ஆறு விவரங்கள், கே.எம். எண், நிலை, எந்த உறையிலிருந்து வந்தது, இருபுறப் படத்தின் கோப்புப் பெயர். சலிப்பான வேலைதான். ஆனால் பட்டியல் இல்லாமல் வியாபாரி முன் உட்காருபவர் கண்ணைக் கட்டிக்கொண்டு பேரம் பேசுகிறார்.

படி 6: விலை

முதலில் அடித்தளம். எடை × தூய்மை × அன்றைய உலோக விலை. பிரிட்டிஷ் இந்தியாவின் 91.7 சதவீத ஒரு ரூபாயில் 11.66 × 0.917 = 10.69 கிராம் தூய வெள்ளி. உலகச் சந்தை விலை டிராய் அவுன்ஸில் இருந்தால் 31.1035ஆல் வகுத்துக் கிராமுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். உண்மையான வெள்ளிக் காசுக்கு இதைவிட மிகக் குறைவாகக் கேட்பவரிடம் பேச்சை நிறுத்திக்கொள்ளலாம்.

அதற்கு மேல் சேகரிப்பு மதிப்பு உண்டா என்பதை ஏலத்தில் விற்று முடிந்த விலைகளே சொல்லும். விற்பனைக்குப் போட்டிருக்கும் விலையை யாரும் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். ஒரே நிலையில் உள்ள காசுகளோடு மட்டும் ஒப்பிடுங்கள். காசின் வயதுக்கு அதிக மதிப்புக் கொடுக்காதீர்கள்: பிற்கால ரோமப் பேரரசின் வெண்கலக் காசுகள் பல மலிவாகவே கிடைக்கின்றன, ஏனென்றால் அவை ஏராளமாக அச்சிடப்பட்டுப் புதையல்களாகக் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன.

உங்கள் காசுக்குப் பெருந்தொகை தருகிறேன், முதலில் பதிவுக் கட்டணமோ கமிஷனோ அனுப்புங்கள் என்று யாராவது கேட்டால் அது மோசடி. வாங்குபவர் பணம் கேட்க மாட்டார்.

படி 7: வைப்பதா, விற்பதா?

பட்டியலை நான்காகப் பிரியுங்கள். செல்லுபடியாகும் சாதாரணக் காசுகளைச் செலவழியுங்கள் அல்லது ஆர்வமுள்ள குழந்தைக்குக் கொடுங்கள். உலோக மதிப்பு மட்டுமே உள்ளவற்றை விலை ஏறியிருக்கும்போது எடைக்கு விற்கலாம். நடுத்தரக் காசுகளைத் தொகுப்பாக விற்பதே லாபம், ஒவ்வொன்றாக விற்றால் அஞ்சல் செலவு தின்றுவிடும். மிஞ்சும் அந்தச் சில நல்ல காசுகள்தான் உண்மையான முடிவு தேவைப்படுபவை.

அவற்றை விற்பதானால் குறைந்தது இரண்டு, மூன்று பேரிடம் விலை கேளுங்கள். முழுப் பட்டியலுக்கும் விலை கேளுங்கள். நல்லவற்றை மட்டும் பொறுக்கிக்கொண்டு மீதியை விட்டுப்போக இடம் தராதீர்கள். வியாபாரி சில்லறை விலையைவிடக் குறைத்துத்தான் தருவார், அது அவர் பிழைப்பு. ஏல நிறுவனத்தில் அதிகம் கிடைக்கலாம், ஆனால் கமிஷனும் மாதக்கணக்கில் காத்திருப்பும் உண்டு. பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நாணயத் தரமதிப்பீட்டு நிறுவனங்களில் தரச்சான்று பெறுவது, கட்டணத்தைப்போலப் பல மடங்கு மதிப்புள்ள காசுக்கும் போலி அதிகம் உலவும் வகைக்கும் மட்டுமே பொருந்தும். நூறாண்டு கடந்த காசுகளை வெளிநாட்டுக்கு அனுப்பப் பல நாடுகளில் தடையோ அனுமதியோ இருக்கும்; விற்பனைக்கு ஒப்புக்கொள்வதற்கு முன் விசாரியுங்கள்.

உறுதியாக முடிவெடுக்க முடியாவிட்டால் வைத்திருங்கள். சரியாக வைத்த காசு கெடாது.

படி 8: வைப்பதென்றால்

பாலியெஸ்டர் உறை, ஊசியைத் தட்டையாக அழுத்திய அட்டை உறை, நல்லவற்றுக்குக் கடினமான காப்ஸ்யூல். காப்ஸ்யூலின் உள்விட்டம் காசின் விட்டத்துக்குச் சரியாக இருக்கட்டும், தளர்ந்தால் உள்ளே ஆடி உரசும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு, ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்படி வையுங்கள். சமையலறையும் குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம். பட்டியலின் நகலையும் படங்களையும் வேறு இடத்தில் வையுங்கள், காசுகளோடு சேர்ந்தே அவையும் திருடுபோனால் காப்பீட்டு நிறுவனத்திடம் காட்ட எதுவும் இருக்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து, சிலிகா ஜெல் நிறம் மாறியிருந்தால் மாற்றுங்கள். செம்புக் காசுகளில் வெளிர்பச்சைப் புள்ளி தெரிகிறதா என்று அப்போதே பாருங்கள். ஒன்றில் தெரிந்தால் அதைத் தனியே எடுத்துவிட்டு, டப்பாவில் ஈரம் எப்படிப் புகுந்தது என்று தேடுங்கள்.