கரும்புக்காட்டு ஆளில்லா கேட்: மாடல் ரயில் பாதையில் சாலை போடும் முறை

டர்பனுக்கு வடக்கே, வெருலம், டோங்காட் பக்கத்துக் கரும்புக்காட்டில் ரயில் பாதையைத் தார்ச்சாலை கடக்கும் இடத்தை மேசைமேல் கொண்டுவருவோம். அளவுகள் 1:87 மாடலின் 16.5 மி.மீ. பாதைக்கு. (தென்னாப்பிரிக்கப் பாதையின் அகலம் 1067 மி.மீ.; 87ஆல் வகுத்தால் 12.3தான் வரும். முதல் முயற்சிக்கு அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.)

நேர்ப்பாதையாகப் பாருங்கள். சாலைக்கு அடியில் தண்டவாள இணைப்பு வரக்கூடாது. பிறகு கழன்றால் சாலையையே பெயர்க்க வேண்டியிருக்கும்.

வேலையே இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் வைக்கும் பலகையில்தான். சக்கர விளிம்பு ஓட இருபுறமும் 1.25 மி.மீ. சந்து வேண்டும். ஆகவே பலகை 14 மி.மீ. அகலம், இருவழிச் சாலைக்கு 80 மி.மீ. நீளம். ‘கோட் 100’ (Code 100) என்ற உயர அளவுள்ள மாடல் தண்டவாளம் சுமார் 2.5 மி.மீ. உயரம், அதனால் 2 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டுங்கள். அந்த அரை மில்லிமீட்டர் தாழ்வு கட்டாயம். சமமாக வைத்தால் எஞ்சினின் கியர் மூடியோ, கொக்கியின் தொங்கு கம்பியோ பலகையில் இடிக்கும். தண்டவாளப் பிடிப்புகள் பலகையைத் தூக்கும் என்பதால் அடிப்பக்க ஓரங்களைச் சீவிவிடுங்கள். ரயிலைப் பார்த்த இரு முனைகளையும் சரிவாக உப்புத்தாளால் தேயுங்கள். முதலில் இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டி, இருப்பதிலேயே நீளமான எஞ்சினைக் கையால் தள்ளிப் பாருங்கள். ஏறி இறங்கினால் பலகை உயரம்; தடம் புரண்டால் சந்து குறுகல். சரியான பிறகே பசை.

வெளிப்புறச் சரிவுக்கு அட்டை வைத்து, மேலே பிளாஸ்டர் பூசுங்கள். பாதைக்கு அடியில் போடும் கார்க் மெத்தையோடு தண்டவாளத் தலை சுமார் 1 செ.மீ. உயரம் இருக்கும், பக்கத்துக்கு 15 செ.மீ.யாவது சரிவு கொடுங்கள். குறைத்தால் கரும்பு லாரியின் வயிறு தண்டவாளத்தில் தட்டும். தண்டவாளத்தை ஒட்டி வரும் ஓரமும் அதன் தலைக்குக் கீழேதான் இருக்க வேண்டும். ஈரப் பிளாஸ்டர் மின்சாரம் கடத்தும், காயும்வரை பவர் போடாதீர்கள். சந்தில் விழுந்ததைப் பழைய ஹாக்சா பிளேடால் சுரண்டுங்கள்.

கறுப்பு பெயின்ட் அடித்தால் பொம்மை மாதிரி இருக்கும். சாம்பலில் துளி பழுப்பு கலக்குங்கள். நடுவில் வெள்ளைக் கோடு, இடது ஓரத்தில் மஞ்சள் கோடு, பாதைக்கு முன் வெள்ளை நிறுத்தக் கோடு. எச்சரிக்கைப் பலகைகள் இடப்பக்கம். ஓரத்தில் செம்மண் தூவினால்தான் அந்தக் கரையோர ஊர் தெரியும்.

ரயில் நடுவில் நின்றுபோனால் தண்டவாளத் தலையில் பிளாஸ்டர் படலம் இருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். ஒரே ஒரு பழைய வேகன் மட்டும் குதித்தால் அதன் சக்கர விளிம்பு தடிமனா என்று பாருங்கள். அப்படியானால் சக்கரத்தை மாற்றுங்கள், சாலையில் கைவைக்காதீர்கள்.