கீபோர்டு–மவுஸ் சுவிட்ச்: கோளாறு பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு கணினிக்கு ஒரே கீபோர்டு, ஒரே மவுஸ், நடுவில் ஒரு யூஎஸ்பி சுவிட்ச். இதைப் புதிதாக அமைப்பவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்; தவறுகள் மட்டும் அதே பழையவைதான். கேபிள் சொருகியிருக்கிறதா, பட்டனை அழுத்தினீர்களா என்பதையெல்லாம் விட்டுவிடுவோம்.

"ஒன்றில் ஓடுகிறது, மற்றதில் ஓடவில்லை, அப்படியானால் விண்டோஸ் கோளாறு"

நேரத்தையும் பணத்தையும் அதிகம் தின்பது இந்த முடிவுதான். பார்க்கப் பார்க்க எரிச்சல் வரும். டெஸ்க்டாப்பில் எல்லாம் ஒழுங்காக ஓடும். லேப்டாப்புக்கு மாற்றினால் எழுத்துகள் விட்டுவிட்டு விழும், மவுஸ் உறையும், டிவைஸ் மேனேஜரில் (விண்டோஸின் சாதனப் பட்டியல்) மஞ்சள் முக்கோணத்தோடு கோட் 43 பிழை நிற்கும். உடனே டிரைவரை நீக்குவது, திரும்பப் போடுவது, கடைசியில் விண்டோஸையே அழித்து நிறுவுவது. கோளாறு அப்படியே இருக்கும். சாதாரண கீபோர்டு, மவுஸுக்கான டிரைவர் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. அது கெட்டுப்போவது அபூர்வம்.

முதலில் இரண்டு கேபிள்களின் கணினிப் பக்க முனைகளை மட்டும் இடம் மாற்றுங்கள். கோளாறு லேப்டாப்பிலேயே நின்றால், காரணம் அதன் போர்ட்டோ அது தரும் மின்சாரமோ. டெஸ்க்டாப்புக்குத் தாவினால் கேபிள் அல்லது சுவிட்ச். அப்படித் தாவியிருந்தால் இப்போது சுவிட்ச் பக்க முனைகளை மாற்றுங்கள்: கோளாறு டெஸ்க்டாப்பிலேயே இருந்தால் கேபிள் போயிற்று, லேப்டாப்புக்குத் திரும்பினால் சுவிட்சின் அந்த வாய் போயிற்று. ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் புது சுவிட்ச் வாங்காதீர்கள்.

லேப்டாப்பிலேயே நின்றால் பெரும்பாலும் மின்சாரம்தான். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர், 3.0 போர்ட் 900. நடுவில் அடாப்டர் இல்லாத 2.0 ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாக்கும் பெட்டி) ஒன்று இருந்தால், விதிப்படி அதன் ஒரு போர்ட்டுக்கு 100தான். சுவிட்ச் தன் பங்கை எடுத்த பிறகு, பின்னொளி கீபோர்டு, வெப்கேம், ஹெட்செட் எல்லாம் மிச்சத்தில் பிழைக்க வேண்டும். கேப்ஸ் லாக் விளக்கு மங்குகிறதா பாருங்கள். கீபோர்டையும் மவுஸையும் மட்டும் விட்டு மற்றதைக் கழற்றுங்கள். சரியானால் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள். எதைச் சொருகும்போது கோளாறு திரும்ப வருகிறதோ, அதை சுவிட்சிலிருந்து விலக்குங்கள். பல சுவிட்சுகளின் பக்கவாட்டில் 5 வோல்ட் துளை ஒன்று உண்டு. அதற்கு அடாப்டர் போட்டாலும் தீரும். உருண்டைப் பின் வகை என்றால் வோல்ட்டையும் முனைக் குறியையும் (+, −) படித்துவிட்டே சொருகுங்கள். ரவுட்டரின் 12 வோல்ட் அடாப்டரும் அதே துளைக்குள் போய்விடலாம், சுவிட்ச் புகைந்துவிடும்.

விளக்கு எரிவதால் கேபிள் நல்லது என்று நம்புவது

சார்ஜுக்கு மட்டுமான கேபிளிலும் விளக்கு எரியும். தகவல் கம்பிகள் உள்ளே இருக்காது.

கேவிஎம்மில் (கீபோர்டு, மவுஸோடு திரையையும் மாற்றும் சுவிட்ச்) கீபோர்டைக் கிடைத்த போர்ட்டில் மாட்டுவது

கீபோர்டு படம் போட்ட போர்ட்டில் வரும் விசைகளை கேவிஎம்மே படிக்கிறது. ஸ்க்ரோல் லாக்கை இருமுறை தட்டி மாற்றும் ஹாட்கீ அதனால்தான் அங்கே வேலை செய்கிறது. பொது ஹப் போர்ட்டில் பெரும்பாலும் செய்யாது. மறுபக்கம், மேக்ரோவும் வண்ண விளக்குகளும் உள்ள கேமிங் கீபோர்டுகள் அந்தக் கீபோர்டு போர்ட்டில் தடுமாறும். அவற்றை ஹப் போர்ட்டுக்கு மாற்றி, பட்டனால் மாற்றிக்கொள்வதே வழி.

வயர்லெஸ் மவுஸின் டாங்கிளை (யூஎஸ்பியில் சொருகும் சிறு ரிசீவர்) யூஎஸ்பி 3.0 டிஸ்குக்கு ஒட்டி வைப்பது

யூஎஸ்பி 3.0 இரைச்சல், டாங்கிள் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸில் விழும், மவுஸ் துள்ளும். ஒரு சிறிய எக்ஸ்டென்ஷன் கேபிளில் டாங்கிளைத் தள்ளி வையுங்கள்.

சுவிட்சில் எக்ஸ்டர்னல் டிஸ்க்

வேண்டாம். ஒவ்வொரு மாற்றமும் கேபிளைப் பிடுங்குவதற்குச் சமம்.

தூங்கும் கணினியை எழுப்ப முடியவில்லை என்று சுவிட்சைத் திட்டுவது

முதலில் அந்தப் பக்கம் மாற்றிவிட்டு, இரண்டு மூன்று விநாடி பொறுத்து விசையைத் தட்டுங்கள். அப்படியும் எழவில்லை, கணினி தூங்காமல் முழுதாக அணைந்திருக்கிறது என்றால், பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) 'ஈஆர்பி' எனும் மின்சிக்கன அமைப்பைப் பாருங்கள். அது இயங்கினால் கணினி அணைந்திருக்கும்போது யூஎஸ்பிக்கு மின்சாரம் போகாது. தூக்கத்தில்தான் இருக்கிறது என்றால், டிவைஸ் மேனேஜரில் கீபோர்டின் பவர் மேனேஜ்மென்ட் தாவலில், கணினியை எழுப்ப அனுமதிக்கும் கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள்.