மெழுகுதிரி அணைந்தால் அபசகுனமா? கோயிலிலும் லயத்திலும் நாம் செய்யும் தவறுகள்

போன வருடம் எங்கள் தேயிலைத் தோட்டக் கோயிலில் ஒரு ஞானஸ்நானம். பிள்ளையின் திரியைப் பாஸ்கா திரியில் (உயிர்ப்புத் திருநாளுக்கு ஏற்றும் பெரிய திரியில்) பற்றவைத்துக்கொண்டு ஞானத்தகப்பன் இரண்டடிதான் வைத்திருப்பார். வாசல் வழியாக வந்த பனிக்காற்றில் பொசுக்கென்று அணைந்துவிட்டது. பிள்ளையின் அம்மாச்சி அங்கேயே கண்ணைக் கசக்க ஆரம்பித்துவிட்டார். ஃபாதர் சிரித்துக்கொண்டே, "இன்னொருக்கா பத்தவைங்க" என்றார். அவ்வளவுதான் விஷயம்.

திரி அணைவது சகுனம் இல்லை, காற்று. இலங்கை மலையகத்தில் ஹட்டன், நுவரெலியா பக்கம் கதவைத் திறந்தாலே மேகம் உள்ளே வருகிறது. திரி என்ன செய்யும்? அன்றைக்கு நடக்கவிருந்த உண்மையான தவறு வேறு. பக்கத்தில் நின்ற ஒரு தம்பி அவசரமாக லைட்டரை நீட்டினார். அந்தச் சடங்கின் பொருளே நெருப்பு எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதில்தான் இருக்கிறது. உயிர்த்த கிறிஸ்துவின் அடையாளமான பாஸ்கா திரியிலிருந்து பிள்ளைக்கு ஒளி வருகிறது. நூறு தடவை அணைந்தாலும் நூறு தடவையும் அங்கே போய்த்தான் பற்றவைக்க வேண்டும்.

அந்தப் பாஸ்கா திரி விஷயத்தில்தான் நாம் அதிகம் சறுக்குகிறோம். போன வருடத்துத் திரியில் பாதி மிச்சம் இருக்கிறதே என்று ஆண்டு இலக்கத்தை மட்டும் சுரண்டிவிட்டுப் புதிதாக ஒட்டுவது ஒன்று. திரி மாதிரியே தெரியும் பிளாஸ்டிக் குழாய்க்குள் எண்ணெய் ஊற்றி எரிப்பது இன்னொன்று. தோட்டத்துச் சனத்திடம் காசு சேர்ப்பது எவ்வளவு பாடு என்று தெரியாமல் சொல்லவில்லை. ஆனால் பாஸ்கா கொண்டாட்டங்கள் பற்றி 1988 இல் வத்திக்கானிலிருந்து வந்த சுற்றுமடல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: திரி மெழுகில்தான் இருக்க வேண்டும், போலியாக இருக்கக் கூடாது, ஒவ்வோர் ஆண்டும் புதிது, ஒன்றே ஒன்று. தன்னைக் கரைத்துக்கொண்டு எரிவதுதானே அந்த அடையாளம்? கரையாத பிளாஸ்டிக் எதைச் சொல்லும்?

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின பெரிய சனி இரவு, கோயிலுக்கு வெளியே புதுநெருப்பு மூட்டி அதில்தான் பாஸ்கா திரியை ஏற்றுகிறோம். அன்றைக்கு அநேகமாக மழை பெய்திருக்கும். நனைந்த மிலாறு (தேயிலைச் செடியின் சுள்ளி விறகு) பிடிக்கவில்லையென்று, புகைகிற நெருப்பின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். வேண்டவே வேண்டாம். இரண்டு நாளைக்கு முன்பே அடுப்படியில் கொஞ்சம் மிலாறு காயப்போட்டுவிடுங்கள். அப்புறம், 'கிறிஸ்துவின் ஒளி' என்று மூன்று தடவை பாடி, திரி பீடத்தின் முன் வரும்வரை மின்விளக்கைப் போடாதீர்கள். இருட்டு இருந்தால்தான் ஒரு சுடர் இருநூறாகப் பெருகுவது கண்ணுக்குத் தெரியும். நெருப்பைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்கும்போது எரிகிற திரியை நேராகப் பிடியுங்கள். எரியாத திரிதான் சாய்ந்து வர வேண்டும். நாம் தலைகீழாகச் செய்து முன்னால் நிற்பவரின் சேலையில் மெழுகை ஊற்றுகிறோம்.

பீடத்தில் எத்தனை திரி என்பதிலும் குழப்பம். கத்தோலிக்கத் திருப்பலிக்குக் குறைந்தது 2 போதும். ஞாயிறு, திருவிழா என்றால் 4 அல்லது 6 வைக்கலாம். மறைமாவட்ட ஆயரே வந்து பூசை செய்தால் 7. கூடுதலாக வைத்தால் கூடுதல் ஆசீர்வாதம் என்று எங்கும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிறுகளுக்கும் திரி வைக்கும் திருவருகைக்கால வளையத்தில் ரோஸ் நிறத் திரி மூன்றாம் ஞாயிறுக்கு. கடைசிக்கு அதை ஒதுக்கிவைக்க வேண்டாம்.

ஊதி அணைத்தால் பாவமா என்று கேட்பார்கள். விளக்கை 'மலையேற்றுவது' என்று சொல்லிப் பழகிய நமக்கு ஊதுவது மனசுக்கு ஒப்பாது, சரிதான். திருச்சபையில் அதற்குத் தடை எதுவும் இல்லை. ஆனால் ஊதினால் உருகிய மெழுகு பீடத்துணியில் தெறிக்கும். அதனால்தான் நீளக் காம்பில் மூடி போன்ற அணைப்பானை வைத்திருக்கிறார்கள். துணியில் பட்டுவிட்டால் ஈரத்தோடு தேய்க்காதீர்கள். காயவிட்டுச் சுரண்டி, மேலும் கீழும் பிரவுன் பேப்பர் வைத்து இஸ்திரிப்பெட்டியை ஓட்டினால் மெழுகு தாளுக்கு ஏறிவிடும்.

கோயிலைவிட எனக்குப் பயம் லயத்து வீடுகளில்தான், தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் வீடுகளில். பெப்ரவரி 2 ஆம் தேதி மந்திரித்த திரியை மாதா படத்துக்கு முன் ஏற்றிவிட்டு, "அது மந்திரிச்சது, ஒன்றும் ஆகாது" என்று கொழுந்து பறிக்கப் போய்விடுகிறோம். மேலே பிளாஸ்டிக் பூமாலை, பக்கத்தில் திரைச்சீலை. ஒரு காம்பராவில் (அறையில்) பிடித்தால் வரிசை முழுக்கப் போகும். கூரை எல்லோருக்கும் ஒன்று. மந்திரித்தது ஜெபத்துக்காக, நெருப்பின் குணம் மாறுவதற்காக அல்ல. ஜெபம் முடிந்தால் அணையுங்கள், மாதா கோபித்துக்கொள்ள மாட்டார். ஏற்றியே தீர வேண்டுமென்றால் மணலோ தண்ணீரோ உள்ள பாத்திரத்துக்குள் நிறுத்துங்கள். போத்தல் மூடியில் ஒட்டவைத்த திரி சாய்வதற்கு ஒரு பூனை போதும்.

மெதடிஸ்த, பெந்தெகொஸ்தே உறவினர் திரி ஏற்றாவிட்டால் அவர்களுக்குப் பக்தி குறைவு என்று நினைப்பதும் தவறுதான். அவர்கள் மரபு வேறு.

இறந்தோரை நினைக்கும் நவம்பர் 2 அன்று கல்லறைக்குப் போகும்போது சிரட்டைகளைச் சேர்த்து எடுத்துப் போங்கள். திரியை உள்ளே நிறுத்தினால் காற்றுக்கும் தாங்கும், பக்கத்து மானாப்புல்லிலும் (காய்ந்த உயரப் புல்) நெருப்புப் பிடிக்காது. திரும்பும்போது மிச்சத் துண்டுகளைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். அதே சிரட்டையில் ஒரு நூலைப் போட்டு உருக்கி ஊற்றினால் அடுத்த மழைநாள் ஜெபத்துக்கு ஆகும்.