வாசலில் வைத்த பூசணி சீக்கிரம் அழுகுவது ஏன்?

கனடாவிலும் அமெரிக்காவிலும் செப்டம்பர் பிறந்தாலே கடை வாசல்களில் பூசணியும் செவ்வந்தித் தொட்டிகளும் குவிந்துவிடும். வாங்கி வந்து படிக்கட்டில் அடுக்கினால் வீட்டுக்கே தனிக் களை வந்துவிடுகிறது. ஆனால் பல வீடுகளில் அக்டோபர் 31 அன்று வரும் ஹாலோவீன் பண்டிகைக்கு முன்பே பூசணி குழைந்து, நீர் வடிந்து, படியெல்லாம் கறையாகிவிடும். பறித்த பிறகும் பூசணிக்கு உயிர் இருக்கிறது. அதை பொம்மை போலக் கையாள்வதால்தான் இவ்வளவு சீக்கிரம் கெடுகிறது.

தவறு கடையிலேயே தொடங்குகிறது. காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். அது அந்த எடையைத் தாங்காது. ஒடிந்த காம்பின் வழியாகப் பூஞ்சை உள்ளே போகும். அடியில் இரண்டு கையும் கொடுத்துத் தூக்குங்கள். நகத்தால் தோலை அழுத்திப் பாருங்கள். எளிதாகப் பள்ளம் விழுந்தால் முற்றாத காய், நாள்பட நிற்காது. வீட்டுக்கு வந்ததும் ஒரு பங்கு ப்ளீச் திரவத்தை ஒன்பது பங்கு தண்ணீரில் கலந்து துடைத்து, நன்றாக உலர்த்துங்கள். ஈரத்தோடு வைத்தால் துடைத்ததே வீண்.

அடுத்தது அவசரம். ஹாலோவீனுக்காகக் குடைந்து, முகம் போலச் செதுக்கி, உள்ளே விளக்கு வைக்கும் பூசணி மிஞ்சிப் போனால் ஒரு வாரம் தாங்கும். அதனால் அக்டோபர் 31க்கு இரண்டு, மூன்று நாள் முன்பு செதுக்கினால் போதும். உள்ளே மெழுகுவர்த்தி வேண்டாம். அந்தச் சூட்டில் சதை வெந்து இன்னும் சீக்கிரம் தொய்யும். எல்.இ.டி. விளக்கு வையுங்கள். என்னைக் கேட்டால், செதுக்காமல் வைப்பதே அழகு. 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் குளிரில், ஈரம் படாத இடத்தில், முழுப் பூசணி இரண்டு மூன்று மாதம்கூட இருக்கும். அக்டோபரில் வரும் கனடாவின் நன்றித் திருநாளுக்கு வைத்ததே நவம்பர் கடைசியில் வரும் அமெரிக்க நன்றித் திருநாள் வரை நிற்கலாம். உறைபனி விழும் இரவுகளில் மட்டும் உள்ளே எடுத்துவிடுங்கள். ஒருமுறை உறைந்து இளகினால் கூழாகிவிடும்.

பூசணியைக் குடைந்து அதில் பூ வைப்பவர்கள் நேரடியாகத் தண்ணீர் ஊற்றக் கூடாது. உள்ளே ஒரு கண்ணாடிக் குவளையை இறக்கி, அதில் பூவை வையுங்கள். பக்கத்தில் ஆப்பிள்களை அடுக்காதீர்கள். அவற்றிலிருந்து வரும் எத்திலீன் வாயுவால் கார்னேஷன் போன்ற பூக்கள் சீக்கிரம் வாடும்.

செவ்வந்தித் தொட்டியில் முழுக்கப் பூத்ததை விட்டுவிட்டு மொட்டு நிறைந்ததை எடுங்கள். கடைத் தொட்டிகளில் வேர் நெருக்கமாகச் சுற்றியிருக்கும். மண் ஒருமுறை காய்ந்துவிட்டால், ஊற்றும் தண்ணீர் ஓரமாக வழிந்து அடியில் போய்விடும். மேல்மண் நனைந்திருக்கும், வேர் தவிக்கும். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். லேசாக இருந்தால் தண்ணீர் வாளியில் அரை மணி நேரம் நிறுத்தி, பிறகு வடிய விடுங்கள். பூவின் மேல் ஊற்றினால் பூஞ்சை பிடிக்கும். பூனை, நாய் வளர்ப்பவர்கள் கவனிக்கவும்: செவ்வந்தி அவற்றுக்கு நஞ்சு.

அப்புறம், சமையல். அழகுக்காக விற்கும் கரடுமுரடான சின்னச் சுரைகளைக் குழம்பில் போடாதீர்கள். கடுமையாகக் கசக்கும், வாந்தியும் வரும். செதுக்கியதும் பெயின்ட் அடித்ததும் சமையலுக்கு ஆகாது. செதுக்குவதற்கென்று விற்கும் பெரிய காயில் நீர்தான் அதிகம், ருசி குறைவு. சாப்பிடவும் வேண்டுமென்றால் பை பம்ப்கின் என்று விற்கும் சிறிய இனிப்புப் பூசணியை வாங்கி, ப்ளீச் இல்லாமல் வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்து வீட்டுக்குள் வையுங்கள். பார்த்து அலுத்ததும் கூட்டு வைக்கலாம்.