பாக்கெட் ரிவால்வர் வாங்கறதுக்கு முன்னாடி அஞ்சு ரவுண்டு சுட்டுப் பாருங்க

கடையில கண்ணாடி கவுன்ட்டர் மேல வெச்சு எடுத்துப் பாருங்கன்னு சொன்னா, இருக்கறதுலயே லேசானதுதான் எல்லாருக்கும் பிடிக்கும், எனக்கும் அப்படித்தான் ஸ்மித் அண்ட் வெஸன் 340 பிடி மேல ஆசை வந்துச்சு. ஸ்கேண்டியம் அலாய் ஃப்ரேம், டைட்டானியம் சிலிண்டர், தோட்டா இல்லாம சுமார் 330 கிராம்தான், பாக்கெட்ல இருக்கறதே தெரியாது. நல்ல வேளையா வாங்கறதுக்கு முன்னாடி ஹூஸ்டன்ல துப்பாக்கி சுட்டுப் பழகற ரேஞ்ச் ஒண்ணுல வாடகைக்கு எடுத்து .357 மேக்னம்ங்கற பவர் ஜாஸ்தியான தோட்டா போட்டு சுட்டேன். மூணாவது ரவுண்டுலயே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கற சதை செவந்து போச்சு, அஞ்சாவதுக்கு கண்ணு தானா மூடிக்குது, இன்னொரு அஞ்சு போட மனசே வரல.

அதுதாங்க விஷயம். தோட்டா அதேதான், துப்பாக்கி எடை கம்மியானா உதை கையில ஏறும். கை வலிச்சா ப்ராக்டிஸ் பண்ண மாட்டீங்க, ப்ராக்டிஸ் பண்ணாத துப்பாக்கியை இடுப்புல சொருகிட்டு சுத்தறதுல என்ன பிரயோஜனம். இன்னொண்ணும் இருக்கு, ரொம்ப லேசான துப்பாக்கியில மேக்னம் சுட்டா, இன்னும் சுடாம சிலிண்டர்ல மிச்சம் இருக்கற ரவுண்டுல புல்லட் அந்த உதையில ஷெல்லை விட்டு முன்னாடி நகந்து வந்து சிலிண்டரையே சுத்த விடாம அடைச்சிடும். அது போக, டைட்டானியம் சிலிண்டர் சீக்கிரம் அரிச்சுப் போகக்கூடாதுன்னு 340 பிடி பேரல்லயே 120 கிரெய்னுக்குக் (புல்லட் எடைக்கான அளவு) கம்மியான புல்லட் போடாதேன்னு பொறிச்சிருக்கான்.

என்னைக் கேட்டா 380லேர்ந்து 430 கிராமுக்குள்ள, மேக்னத்தை விட உதை கம்மியான .38 ஸ்பெஷல் தோட்டாவுல பாருங்க. இந்த எடையில ரெண்டு மாடல்தான் மெயின். ஒண்ணு ஸ்மித் அண்ட் வெஸன் 642, இதையே கருப்புல வேணும்னா 442. அலுமினியம் ஃப்ரேம், அஞ்சு ரவுண்டு, ரெண்டு இன்ச்சுக்குக் கொஞ்சம் கம்மியான பேரல், தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கற ஹாமர் உள்ளயே மூடியிருக்கும். அந்த ஹாமர் விஷயம் முக்கியம், வெளிய நீட்டிட்டு இருந்தா பாக்கெட்லேர்ந்து உருவும்போது துணியில மாட்டும். ரெண்டாவது ரூகர் எல்சிஆர், 2009ல வந்தது, ட்ரிகர் பகுதி பாலிமர், சுமார் 380 கிராம். இதோட ட்ரிகர் 642ஐ விட வழவழன்னு வரும், விரல்ல பலம் கம்மியா இருக்கறவங்க இதைத்தான் முதல்ல பாக்கணும். ஆறு ரவுண்டு வேணும்னா டாரஸ் 856 அல்ட்ரா லைட் இருக்கு. மணிக்கட்டு பிரச்சனை இருக்கறவங்க .22 எல்சிஆர் பாருங்க, எட்டு ரவுண்டு வரும், தோட்டா சின்னதுதான், ஆனா சுடலாம்ங்கற அளவுக்கு இருக்கும்.

கடையில எடுத்துப் பாக்கும்போது கேட்டுட்டு, சிலிண்டரைத் திறந்து காலின்னு கண்ணால பாத்துட்டு, ட்ரிகரை மெதுவா இழுத்துப் பாருங்க. குறி பாக்கறதுக்கு முன்னாடி இருக்கற சைட் நடுங்காம கடைசி வரைக்கும் இழுக்க முடியுதா? அதுதான் டெஸ்ட். சுண்டுவிரல் கிரிப்புக்குக் கீழ தொங்குதா பாருங்க, தொங்கினா கொஞ்சம் நீளமான ரப்பர் கிரிப் மாத்திக்கலாம், ஆனா ரொம்ப நீளமாப் போனா பாக்கெட்ல தெரியும். 642ல சைட் ரொம்ப சின்னது, முன் சைட்ல ஆரஞ்சு கலர் நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வெச்சா போதும், கண்ணுல பளிச்சுன்னு படும்.

பேரல் குட்டையா இருக்கறதால காலி ஷெல்லை வெளிய தள்ற எஜெக்டர் ராடும் குட்டை, காலி ஷெல் பாதிதான் வெளிய வரும். துப்பாக்கி வாயை நேரா மேல பாத்து வெச்சு உள்ளங்கையால ராடை ஓங்கி ஒரு தட்டு தட்டணும், அப்பதான் அஞ்சும் கீழ விழும். கீழ பாத்து வெச்சு மெதுவா அழுத்தினா ஒண்ணு ரெண்டு மாட்டிக்கும்.

சட்டம் பத்தி ஒரு வார்த்தை. எச்1பி, எஃப்1 மாதிரி விசாவுல இருக்கறவங்க ஃபெடரல் சட்டப்படி பொதுவா துப்பாக்கி வெச்சுக்கவே கூடாது, ஹண்டிங் லைசன்ஸ் மாதிரி சில விதிவிலக்கு உண்டு, ஆனா பக்கத்து வீட்டு அண்ணா சொன்னாருன்னு இறங்காதீங்க, வக்கீல்கிட்ட கேளுங்க. கிரீன் கார்டு இருந்தா கடையில 4473 ஃபார்ம் நிரப்பி பேக்ரவுண்ட் செக் முடிச்சு வாங்கலாம். டெக்சாஸ்ல 2021 செப்டம்பர் 1லேர்ந்து, தகுதி இருக்கற 21 வயசு ஆனவங்களுக்கு கைத்துப்பாக்கியை உடம்புல வெச்சுட்டு வெளிய போக (கேரி பண்ண) தனி லைசன்ஸ் தேவையில்ல, இருந்தாலும் எடுத்துடுங்க, வேற ஸ்டேட்டுக்கு கார்ல போகும்போது உதவும். பார் வாசல்ல செவப்பு எழுத்துல 51% போர்டு பாத்தா, லைசன்ஸ் இருந்தாலும் உள்ள கொண்டு போகாதீங்க. வீட்ல குழந்தைங்க இருந்தா சின்ன லாக் பாக்ஸ் ஒண்ணு கண்டிப்பா வாங்குங்க, பீரோ மேல வெச்சா எட்டாதுன்னு நினைக்கறது நம்ம கற்பனை.

ஹோல்ஸ்டர்ல, அதாவது துப்பாக்கி உறையில, கஞ்சத்தனம் வேண்டாம். பாக்கெட் ஹோல்ஸ்டர் ட்ரிகரை முழுசா மூடணும், துப்பாக்கியை உருவினா ஹோல்ஸ்டர் பாக்கெட்லயே நிக்கணும். அந்தப் பாக்கெட்ல சாவி, சில்லறை, வேற எதுவும் கூடாது. மாசத்துக்கு ஒரு தடவையாவது தோட்டாவை எடுத்துட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க, துணிப் பஞ்சு எல்லா இடுக்குலயும் ஏறியிருக்கும். போன வாரம் என்னோடதை சுத்தம் பண்ணும்போது ட்ரிகருக்குப் பின்னாடி பஞ்சோட சேர்ந்து கல்யாண வீட்டு சீரக மிட்டாய் ஒண்ணு ஒட்டிட்டு இருந்துச்சு, அந்தப் பாக்கெட்ல வேற எதுவும் போடாதீங்கன்னு இப்பதான் மேல எழுதின அதே ஆளுதான் நான்.