வயற்சேற்றில் இறங்கும் நீரிழிவு நோயாளர் கவனத்திற்கு

திருகோணமலை மாவட்டத்தில் பெரும்போக வேலை தொடங்கும் மாரி காலத்தில் எலிக்காய்ச்சலைப் பற்றிப் பலரும் எச்சரிக்கின்றனர். ஆனால் மண்ணிலும் தேங்கிய நீரிலும் இயல்பாகவே வாழும் ஒரு பற்றீரியா உண்டாக்கும் மெலியோய்டோசிஸ் என்னும் நோயை மிகச் சிலரே அறிந்திருக்கின்றனர். அது தோலிலுள்ள காயத்தின் வழியாகவும், சுத்திகரிக்கப்படாத நீரைக் குடிப்பதாலும், கடும் மழைக்காற்றில் மூச்சின் வழியாகவும் உடலுக்குள் செல்லும். நீரிழிவு, நாட்பட்ட சிறுநீரக நோய், மிகையான மதுப்பழக்கம் ஆகியவை உள்ளவர்களுக்கே ஆபத்து அதிகம்.

ஆகவே தம்பலகாமத்திலோ மூதூரிலோ வயலில் இறங்கும் நீரிழிவு நோயாளர்கள் இறப்பர் சப்பாத்தும் கையுறையும் அணிந்து, சிறு கீறலையும் நீர் புகாதபடி மூடிக்கொள்ள வேண்டும். காலில் ஆறாத புண் இருந்தால், அறுவடையே தாமதமானாலும் சேற்றில் இறங்காதிருப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து. வெள்ளம் புகுந்த கிணற்றுக்குக் குளோரின் இடும்வரை அதன் நீரைக் கொதிக்க வைத்தே அருந்துங்கள். எலிக்காய்ச்சலுக்கு முற்காப்பாக வழங்கப்படும் டொக்சிசைக்கிளின் குளிசை இந்நோயையும் தடுத்துவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

காய்ச்சல் நீடித்தாலோ, நெஞ்சுச் சளியோ சீழ்க்கட்டியோ தோன்றினாலோ, வயலில் வேலை செய்ததையும் நீரிழிவு இருப்பதையும் மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். காசநோயைப் போலத் தோற்றமளிக்கும் இதனை இரத்தத்தையோ சீழையோ ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்த்தே உறுதிசெய்வர். குறைந்தது 10 முதல் 14 நாட்கள் நாளத்தின் வழியே மருந்தேற்றிய பின்னர், ஏறத்தாழ 3 மாதங்கள் குளிசை எடுக்க வேண்டும். இடையில் நிறுத்தினால் நோய் மீண்டும் தலைதூக்கக்கூடும்.